‘நிச்சயம் வாங்குவோம்’ என்றவர்கள் ஏன் வாங்கவில்லை?

வாசகர் கேள்வி:

சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கிறேன். அலுவலக வேலையை விட்ட பிறகு, கடந்த எட்டு மாதங்களாகச் சாமையும் குதிரைவாலியும் சேர்த்து அரைத்த இட்லி மாவை வீட்டிலிருந்தபடியே விற்று வருகிறேன். ஒரு கிலோ பொட்டலம், வெள்ளிக்கிழமை மாலை கொடுக்கிறேன். கடை மாவைவிட 2 வெள்ளி அதிகம். தொடங்குவதற்கு முன் எங்கள் வட்டார வாட்ஸ்அப் குழுவில், “சிறுதானிய மாவு கிடைத்தால் வாங்குவீர்களா?” என்று கேட்டேன். 140 பேரில் 110 பேருக்கு மேல் “நிச்சயம் வாங்குவோம்” என்றார்கள். ஆனால், வாரத்துக்கு 15 பொட்டலம் விற்பதே பெரும்பாடாக இருக்கிறது. என் மகனின் பிறந்தநாளுக்கு வந்து சாப்பிட்டுப் போன ஏழெட்டுக் குடும்பங்கள் மட்டும் விடாமல் வாங்குகின்றன. மற்றவர்கள் பார்க்கும்போதெல்லாம் பாராட்டுகிறார்கள், “விலைதான் கொஞ்சம்...” என்று இழுக்கிறார்கள். சிறுதானியத்தின் நன்மைகளைப் பற்றித் தினமும் குழுவில் செய்தி அனுப்புகிறேன். எல்லாரும் வாய்வார்த்தைக்குத்தான் சொன்னார்களா? விலையைக் குறைக்கட்டுமா, விளம்பரத்தைக் கூட்டட்டுமா?

ஆலோசகர் பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

விலையை இப்போதைக்குக் குறைக்க வேண்டாம். விளம்பரத்தையும் கூட்ட வேண்டாம். தினமும் அனுப்பும் அந்தச் செய்திகளை இந்த வாரமே நிறுத்திவிட்டாலும் நட்டமில்லை. உங்கள் வாடிக்கையாளர்களுக்குச் சிறுதானியத்தின் மேல் நல்ல எண்ணம் இல்லாமல் இல்லை. அந்த எண்ணம் போதுமான அளவு இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை உங்களிடம் ஒரு பொட்டலம் வாங்குவது என்ற செயலைப் பற்றித்தான் அவர்களுக்கு இன்னும் எந்த எண்ணமும் உருவாகவில்லை. இவை இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வெவ்வேறு என்பதைத்தான் நுகர்வோர் மனப்பான்மை குறித்த ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன.

முதலில், அவர்கள் பொய் சொன்னார்களா என்ற உங்கள் வருத்தத்துக்கு வருகிறேன். ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1930களின் தொடக்கத்தில் ஓர் இளம் சீனத் தம்பதியருடன் அமெரிக்காவின் பல பகுதிகளுக்குக் காரில் பயணம் செய்தார். சீனர்களுக்கு எதிரான வெறுப்பு வெளிப்படையாக இருந்த காலம் அது. ஆனாலும், அவர்கள் நுழைந்த 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒரே ஓர் இடத்தில்தான் இடம் மறுக்கப்பட்டது. சில மாதங்கள் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, “சீனர்களை ஏற்றுக்கொள்வீர்களா?” என்று கேட்டபோது, பதில் எழுதியவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் “மாட்டோம்” என்றார்கள். 1934ல் வெளியான அந்த ஆய்வில் யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கடிதம் ஒரு பொதுவான பெயரைப் பற்றிக் கேட்டது; வாசலில் நின்றதோ நன்றாக உடுத்திச் சிரித்த முகத்துடன் வந்த இருவர். உங்களுக்கு நடந்தது இதன் மறுபக்கம். நீங்களும் ஒரு பொதுப் பெயரைப் பற்றித்தான் கேட்டீர்கள். சிறுதானியம் என்றதும் மரியாதை கலந்த ஒரு தலையசைப்பு எல்லாரிடமிருந்தும் வரும். அந்தத் தலையசைப்பை நீங்கள் கொள்முதல் ஆணையாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

கேள்வி எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ, அவ்வளவுக்குப் பதிலும் செயலும் நெருங்கி வரும். 1979ல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்களாலேயே காட்டியது. பெண்களிடம் கருத்தடையைப் பற்றிய பொதுவான மனப்பான்மையைக் கேட்டபோது, அதற்கும் பின்னர் அவர்கள் மாத்திரையைப் பயன்படுத்தியதற்கும் இருந்த தொடர்பு ஏறக்குறைய 0.08 (1 என்றால் முழுப் பொருத்தம்), அதாவது இல்லை என்றே சொல்லலாம். “அடுத்த 2 ஆண்டுகளில் நீங்கள் கருத்தடை மாத்திரை பயன்படுத்துவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டபோது அதே தொடர்பு 0.57 ஆக உயர்ந்தது. “சிறுதானிய மாவு கிடைத்தால் வாங்குவீர்களா?” என்பது முதல் வகைக் கேள்வி. “வருகிற வெள்ளிக்கிழமை இந்த விலைக்கு, வழக்கமாக வாங்கும் மாவுக்குப் பதிலாக, ஒரு பொட்டலம் எடுத்துக்கொள்வீர்களா?” என்று கேட்டிருந்தால் 110 கைகள் உயர்ந்திருக்காது. முப்பது உயர்ந்திருக்கலாம், ஆனால் அந்த முப்பதை நம்பித் தானியம் ஊற வைத்திருக்கலாம்.

ஆரோக்கியச் செய்திகளை நிறுத்தச் சொன்னதன் காரணமும் இதுதான். சிங்கப்பூரில் நீரிழிவுக்கு எதிரான போர் என்று அரசாங்கம் அறிவித்தது 2016ல். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நம் வீடுகளில் சர்க்கரையைப் பற்றியும் வெள்ளை அரிசியைப் பற்றியும் பேசாத விருந்து உண்டா? உங்கள் குழுவில் இருப்பவர்கள் இதையெல்லாம் உங்களுக்கு முன்பே கேட்டுச் சலித்தவர்கள். அறிந்ததையே திரும்பச் சொல்லும் செய்தி எண்ணத்தை உறுதிப்படுத்துவதைவிடப் படிக்கும் பழக்கத்தைத்தான் குறைக்கிறது. “மாவு தயார்” என்ற உண்மையான அறிவிப்பும் அந்தக் குவியலுக்குள் புதைந்துபோகிறது. தகவலால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது எந்த இடத்தில் கண்ணில் படுகிறது என்பதே கேள்வி. 2022 டிசம்பர் இறுதியில் நடப்புக்கு வந்த, பானங்களைச் சர்க்கரை, கொழுப்பு அளவுப்படி ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம்பிரிக்கும் நியூட்ரி-கிரேட் குறியீட்டில், பானத்தைக் கையில் எடுக்கும் அந்த நொடியில் ‘சி’ அல்லது ‘டி’ என்ற ஒற்றை எழுத்து கண்ணில் படுகிறது. அதே விவரத்தை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதிக் காலையில் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தால் மாலையில் கடையில் யாருக்கும் நினைவிருக்காது. இடையில் ஓர் எச்சரிக்கை: நீங்கள் இணைத்திருந்த செய்திகளில் ஒன்று, இந்த மாவு சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும் என்கிறது. உணவுப் பொருளை நோய்க்கு மருந்துபோலக் காட்டி விற்பதை இங்குள்ள உணவு விதிகள் அனுமதிப்பதில்லை. அந்த வரியை உடனே எடுத்துவிடுங்கள்.

இனி, “விலைதான் கொஞ்சம்...” என்ற இழுப்பு. நேரடியாகக் கேட்டால் மனிதர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் சொல்லத்தக்க காரணமாகவே இருக்கும். மேசன் ஹேர் என்ற உளவியலாளர் 1950ல் வெளியிட்ட ஆய்வை நுகர்வோர் மனப்பான்மை பற்றிய எங்கள் துறையில் எல்லாரும் அறிவர். நெஸ்கஃபே உடனடிக் காப்பித்தூள் அமெரிக்காவில் எதிர்பார்த்தபடி எடுபடாத காலம். ஏன் வாங்கவில்லை என்று இல்லத்தரசிகளைக் கேட்டால், “சுவை பிடிக்கவில்லை” என்றார்கள். ஹேர் இரண்டு மளிகைப் பட்டியல்களைத் தயாரித்தார். இறைச்சி, ரொட்டி, கேரட், உருளைக்கிழங்கு என்று இரண்டிலும் 7 பொருள்கள்; ஆறு அப்படியே ஒன்றுதான். ஒரு பட்டியலில் வழக்கமான காப்பித்தூள், இன்னொன்றில் நெஸ்கஃபே. ஆளுக்கு ஒரு பட்டியலாக, 50 பேர் கொண்ட இரு குழுப் பெண்களிடம் கொடுத்து, இந்தப் பொருள்களை வாங்கிய பெண் எப்படிப்பட்டவர் என்று எழுதச் சொன்னார். நெஸ்கஃபே இருந்த பட்டியலைப் பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அவளைச் சோம்பேறி என்று எழுதினார்கள். மற்றப் பட்டியலைப் பார்த்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலரே. உடனடிக் காப்பி வாங்கினால் தன்னைப் பொறுப்பில்லாத குடும்பத்தலைவி என்று நினைப்பார்களோ என்ற தயக்கமே ‘சுவை’ என்ற பெயரில் வெளியே வந்தது. 1970ல் வெளியான மறு ஆய்வில் அந்தப் பழி பெரும்பாலும் மறைந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனப்பான்மை மாறாத ஒன்றன்று.

நம் சமூகத்திலும் இதே பாதையைக் கண்டிருக்கிறோம். கடை மாவு வாங்குவதைக் குறைவாக நினைத்த தலைமுறை ஒன்று இருந்தது. இன்று தேக்காச் சந்தைப் பகுதியில் சனிக்கிழமை காலை குளிர்ப்பெட்டியின் முன் நின்று பாருங்கள். ஒருவர் பொட்டலத்தை எடுக்கிறார், கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார், அதிகம் உப்பியிருந்தால் திரும்ப வைக்கிறார், பின்வரிசையில் கைவிட்டு இன்னொன்றை எடுத்துத் தேதியைப் பார்க்கிறார், கூடையில் போடுகிறார். விலையைப் பார்ப்பதேயில்லை. முகத்தில் துளியும் கூச்சமில்லை. கடை மாவைப் பற்றிய தயக்கம் முடிந்துவிட்டது. அப்படியானால் உங்கள் மாவைச் சுற்றி வேறு தயக்கம் இருக்கிறது, அதற்கு ‘விலை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். அது என்னவாக இருக்கும்? சிறுதானிய இட்லியை மேசையில் வைத்தால், “வீட்டில் யாருக்கு உடம்புக்கு என்ன?” என்று விருந்தாளி கேட்பார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், வெள்ளை வெளேரென்று இட்லி வார்க்காததை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை அளவு கூடியிருக்கும் கணவர் அதைத் தனக்கு வைத்த கண்டிப்பாக நினைக்கலாம். இவற்றில் எதையும் உங்கள் முகத்துக்கு நேரே ஒருவர் சொல்லமாட்டார்.

ஊகத்தை நம்பிச் செயல்பட வேண்டாம், சோதித்துப் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் அல்லாத இருபது பேரைத் தேர்ந்தெடுத்து, ஹேர் செய்ததுபோலவே இரண்டு பட்டியல்கள் தயாரியுங்கள். பால், முட்டை, சின்ன வெங்காயம், முருங்கைக்காய், இட்லி மாவு ஒரு கிலோ என்று ஒன்று. மற்றதில் அதே பொருள்களுடன் சிறுதானிய இட்லி மாவு. ஒருவருக்கு ஒரு பட்டியலை மட்டும் காட்டி, “இதை வாங்கியவர் எப்படிப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவராக இருப்பார்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர்கள் பேசட்டும். இருபது பேரின் பதில் ஆய்வு முடிவாகாது. ஆனால், நீங்கள் எதை எதிர்த்துப் போராடுகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். நோயாளி வீடு, வயதானவர்கள் இருக்கும் வீடு என்ற பதில்கள் திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் ஆரோக்கியச் செய்திகளே அந்த எண்ணத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கின்றன என்று பொருள்.

அப்படி வந்தால் என்ன செய்வது? என் யோசனை, இதை இட்லி மாவு என்று விற்பதை நிறுத்திவிட்டுத் தோசை மாவு என்று விற்பது. இட்லியின் பெருமையே அதன் வெண்மை. அந்தக் களத்தில் சாமையும் குதிரைவாலியும் அரிசியோடு மோதினால் தோற்பது உறுதி. தோசை கல்லில் பொன்னிறமாக முறுகிவிட்டால் மாவின் நிறத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? குழந்தைகள் கேட்பதும் தோசையைத்தான். மாவு அதேதான், ஒப்பிடப்படும் பொருள் மட்டும் மாறுகிறது. மனப்பான்மையை மாற்றுவது கடினம். ஏற்கெனவே இருக்கும் நல்ல மனப்பான்மையின் பக்கத்தில் பொருளைக் கொண்டுபோய் வைப்பது அவ்வளவு கடினமன்று.

வாங்கும் நோக்கத்தை மூன்று தீர்மானிக்கின்றன என்பது உளவியலாளர்கள் மார்ட்டின் ஃபிஷ்பைன், ஐசெக் அய்சன் ஆகியோரின் பணிகளிலிருந்து வளர்ந்து, 1991ல் அய்சன் எழுதிய கட்டுரையால் பரவலாக அறியப்பட்ட கோட்பாடு: அந்தச் செயலைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன், எனக்கு வேண்டியவர்கள் என்ன நினைப்பார்கள், அது என்னால் எளிதில் முடியுமா. முதலிரண்டைப் பற்றிப் பேசிவிட்டோம். மூன்றாவதை நீங்கள் கவனிக்கவேயில்லை என்பது உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தபோது தெரிந்தது. புதன்கிழமை இரவுக்குள் பெயர் கொடுக்க வேண்டும், பேநவ் என்ற கைப்பேசிப் பணப் பரிமாற்றம் மூலம் முன்கூட்டியே பணம் அனுப்ப வேண்டும், வெள்ளிக்கிழமை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையே உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்து பெற்றுக்கொள்ள வேண்டும், ஒரு கிலோவுக்குக் குறைவாகக் கிடைக்காது. வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் வந்து, பிள்ளையைத் துணைப்பாட வகுப்பிலிருந்து அழைத்து வரும் ஒருவர் இத்தனையும் செய்து முடிப்பதற்குள் எதிரே இருக்கும் கடையில் மாவு கிடைத்துவிடும். அவர் விலையை ஒப்பிட்டு உங்களைத் தள்ளிவிடவில்லை, சிரமத்தை ஒப்பிட்டிருக்கிறார்.

சிறு இடையூறும் சிறு வசதியும் எவ்வளவு வலியவை என்பதற்கு நம் பேரங்காடிகளே சாட்சி. சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும் என்பதில் இங்கு யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை, ஆனாலும் எத்தனையோ ஆண்டுகள் கைநிறையப் பிளாஸ்டிக் பைகளை எடுத்துக்கொண்டுதான் வந்தோம். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்கத் தொடங்கியதும், பையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் கண்கூடாகப் பெருகியது. அந்த 5 காசை யாரும் பெரிய செலவாகக் கருதவில்லை, “பை வேண்டுமா?” என்ற கேள்வி முதன்முறையாக ஒரு முடிவெடுக்க வைத்தது. உங்கள் ஏற்பாட்டில் இது தலைகீழாக இருக்கிறது: வாங்காமல் இருக்க எதுவும் செய்ய வேண்டியதில்லை, வாங்க ஒவ்வொரு வாரமும் புதிதாக முடிவெடுக்க வேண்டும். ஆகவே, அரைக்கிலோ பொட்டலம் கொண்டு வாருங்கள். பெற்றுக்கொள்ளும் நேரத்தை இரண்டு மாலைகளாகப் பிரியுங்கள். விரும்புகிறவர்களிடம் மட்டும் ஒப்புதல் கேட்டு, “வேண்டாம் என்று சொல்லும்வரை வாரந்தோறும் ஒன்று” என்ற ஏற்பாட்டைச் செய்யுங்கள். நிறுத்துவதற்கு ஒரு வரிச் செய்தி போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், பிற்பாடு மனக்கசப்பு வராது. அரைக்கிலோ வந்தால் விலைப் பேச்சும் பெரும்பாலும் அடங்கிவிடும், ஏனெனில் பழகாத ஒன்றுக்கு 2 வெள்ளி கூடுதலாகக் கொடுப்பதைவிட, பிடிக்காவிட்டால் ஒரு கிலோ வீணாகுமே என்ற கவலைதான் பெரிது. விலையே உண்மையான தடையாக இருக்கும் குடும்பங்களும் இருக்கத்தான் செய்யும். அவர்களுக்காக எல்லாருக்கும் விலையைக் குறைத்தால் உங்கள் உழைப்புக்கு ஒன்றும் மிஞ்சாது.

பிறந்தநாளுக்கு வந்து சாப்பிட்ட ஏழெட்டுக் குடும்பங்களைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி அதுதான். டென்னிஸ் ரீகன், ரசல் ஃபேசியோ ஆகிய இரு உளவியலாளர்களும் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர்களிடையே நடத்தி 1977ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பாருங்கள். விடுதியில் இடப் பற்றாக்குறை. சில புதிய மாணவர்கள் பொதுக்கூடங்களில் கட்டில் போட்டுப் படுத்தார்கள், மற்றவர்களுக்கு அறை கிடைத்துவிட்டது. பற்றாக்குறை தவறு என்று இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கருதினார்கள். ஆனால், அந்தக் கருத்து செயலோடு ஒத்துப்போனது பெரும்பாலும் அதை நேரில் அனுபவித்தவர்களிடம்தான். கேட்டறிந்த எண்ணமும் பட்டறிந்த எண்ணமும் வினாத்தாளில் ஒரே மதிப்பெண் வாங்கும், செயலில் பிரிந்துவிடும். அந்த ஏழெட்டுக் குடும்பங்களுக்கு உங்கள் மாவைப் பற்றிய எண்ணம் நாக்கில் உருவானது. உங்கள் சட்னியோடு, மற்றக் குழந்தைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உருவானது. மற்ற நூறு பேருக்கு அது கைப்பேசியில் உருவானது. ஆகவே, விளம்பரத்துக்கு ஒதுக்க நினைத்த பணத்தை மாவாகவே செலவிடுங்கள். வாரம் ஐந்து குடும்பங்களுக்கு, நான்கு தோசைக்குப் போதுமான மாவைக் கொடுத்துப் பாருங்கள். இலவசமாகக் கிடைத்தது என்பதால் குளிர்பதனப் பெட்டியின் மூலைக்குப் போய்விடாமல் இருக்க, என்றைக்குச் சமைக்கப் போகிறார்கள் என்று கேட்டு அந்த மாலையில் கொடுப்பது நல்லது.

நேரடி அனுபவத்துக்கு ஓர் ஆபத்தும் உண்டு. முதல் தோசை சரியாக வராவிட்டால் அந்தத் தீர்ப்பும் அதே வலிமையுடன் நிலைத்துவிடும். நம் ஊர் வெக்கையில் மாவை மேசையில் மறந்துவிட்டால் விரைவில் புளித்துப்போகும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினாலும் சரியாக வராது. இரண்டிலும் பழி சிறுதானியத்தின் மேல்தான் விழும், வைத்த முறையின் மேல் விழாது. எனவே, வாங்குவதற்கு முன் அனுப்பிக்கொண்டிருந்த செய்திகளை வாங்கிய பின் அனுப்புங்கள். அவர் சமைக்கப் போகும் மாலையில், எப்போது வெளியே எடுத்து வைக்க வேண்டும், எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும், கல் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று மூன்றே வரிகள் போதும். வாங்கிய பொருளைப் பற்றி நல்லதைக் கேட்க மனம் விரும்பும் நேரமும் அதுதான்: முடிவெடுத்த பிறகு அந்த முடிவு சரியென்று தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் இயல்பை உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957ல் விரிவாக எழுதினார். வாங்காதவரிடம் எடுபடாத அதே நன்மைகள் வாங்கியவரிடம் எடுபடும்.

இரண்டு மாதம் இப்படிச் செய்துவிட்டு ஒரே ஓர் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள்: முதல் முறை பணம் கொடுத்து வாங்கியவர்களில் எத்தனை பேர், நீங்கள் கேட்காமலே, அடுத்த மூன்று வாரத்துக்குள் இரண்டாவது முறை வாங்கினார்கள்? பாதிக்கு மேல் என்றால் பொருளில் குறையில்லை, சுவைத்துப் பார்க்கும் வாய்ப்பைப் பெருக்குவதே இனி வேலை. கால்வாசிக்கும் கீழே என்றால், செய்தி, விலை, பொட்டலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாவின் கலவைக்குத் திரும்புங்கள். இந்த அளவுகள் என் அனுபவத்தில் நான் வைத்துக்கொள்ளும் தோராயமான கோடுகள், விதிகள் அல்ல. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்; அப்போது வீடுகளில் வழக்கமான சமையலும் நடப்பதில்லை, வழக்கமான கொள்முதலும் நடப்பதில்லை.